படகில் போய்ப் பிடித்த புயல்

அந்த ஸ்டூடியோவுக்குச் சாலை கிடையாது. இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் கார்ன்வால். அங்கே ஃபோய் நதி கடலில் கலப்பதற்குச் சற்று முன்னால் கோலன்ட் என்று ஒரு சிற்றூர். அதையொட்டி, நதியிலிருந்து உள்வாங்கிய ஓர் ஓடைக் கரையில், மரங்களுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது 'சாமில்ஸ்'. பதினேழாம் நூற்றாண்டில் தண்ணீரால் ஓடிய ஆலைக் கட்டடம் அது. 1974இல் அதை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றினார்கள். போக இரண்டே வழி. ரயில் தண்டவாளத்தை ஒட்டி நடக்க வேண்டும், இல்லையென்றால் படகு. டிரம்ஸ், ஆம்ப்ளிஃபயர் என்று கனமான சாமான் இருந்தால் படகுதான். அதுவும் கடல் ஏற்றத்தில் ஓடை நிறைந்திருக்கும்போதுதான் கரை சேரும். வற்றம் வந்துவிட்டால் வெறும் சேறு.

1992 முடிந்து 1993 பிறந்த குளிர்காலத்தில் இப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் நான்கு பேர். யாருக்கும் இன்னும் 22 வயது ஆகவில்லை. ஆல்பம் எடுக்கப் போகிறார்கள், ஆனால் எழுதி முடித்த பாட்டு கையில் அதிகம் இல்லை. நால்வரும் ஓர் அறையில் நின்று மணிக்கணக்கில் வாசிப்பார்கள். வாசித்ததில் எது நின்றதோ அதுவே பாட்டு. பாடகர் அதன்மேல் வரி எழுதுவார். 1993 ஜூனில் அது கடைக்கு வந்தபோது பத்துப் பாட்டு, சுமார் 47 நிமிடம். பெயர் 'எ ஸ்டார்ம் இன் ஹெவன்', சொர்க்கத்தில் ஒரு புயல். பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் 27ஆம் இடத்தைத் தொட்டது, அதோடு சரி.

குழுவின் பெயர் அப்போது வெறும் 'வெர்வ்'. அதே பெயரில் அமெரிக்காவில் பழைய ஜாஸ் இசைத்தட்டு நிறுவனம் ஒன்று இருந்ததால், அடுத்த ஆண்டு முன்னால் ஒரு 'தி' சேர்க்க வேண்டியதாயிற்று. 'தி வெர்வ்' என்றதும் சிலருக்குப் பொறி தட்டியிருக்கும். ஆமாம், 'பிட்டர் ஸ்வீட் சிம்பனி' பாடிய அதே குழுதான். வயலின்கள் சுழன்று சுழன்று வரும், ஒல்லியான ஒருவர் லண்டன் நடைபாதையில் எதிரே வருபவர்களையெல்லாம் இடித்துக்கொண்டே நடப்பார், அந்தப் பாட்டு. உலகம் முழுக்க வெர்வ் என்றால் அந்த ஒரு பாட்டுதான். வேடிக்கை என்னவென்றால், 22 வருடம் அந்தப் பாட்டு சட்டப்படி அவர்களுடையதாகவே இல்லை. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முழுக்க முழுக்க நால்வருக்கும் சொந்தமான, அவர்களே இன்னொரு முறை எட்டிப் பிடிக்காத ஓர் ஆல்பம் இருக்கிறது என்றால் அது இந்த முதல் ஆல்பம்தான் என்பது என் கட்சி.

குனிந்த தலைகள்

இந்த இசைக்கு 'ஷூகேஸ்' என்று பெயர். ஷூவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது என்று பொருள். புகழ்ச்சியில்லை, கிண்டல். மூஸ் என்ற குழுவின் பாடகர் பாட்டு வரிகளைத் தாளில் எழுதி மேடைத் தரையில் ஒட்டிவைத்து, குனிந்தபடியே பாடினாராம். அதைப் பார்த்த இசைப் பத்திரிகை உலகம் ஒட்டிய பெயர் இது என்பார்கள். மற்ற குழுக்களின் கிதார்காரர்களும் நிமிர்ந்தபாடில்லை. அவர்களுக்கு வேறு காரணம். காலடியில் வரிசையாக எஃபெக்ட் பெடல்கள் கிடக்கும். ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து மிதிக்க வேண்டும். தையல் மெஷின் மிதிப்பவர் ஊசியைப் பார்ப்பதுபோல் இவர்கள் காலைப் பார்த்தார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ரைடு, ரெடிங்கிலிருந்து ஸ்லோடைவ், சாப்டர்ஹவுஸ் என்று பெரும்பாலும் தேம்ஸ் நதிப் பக்கத்துப் பிள்ளைகள். எல்லோருக்கும் மூத்தவர்கள் மை பிளடி வேலண்டைன். அவர்களுடைய 1991 ஆல்பமான 'லவ்லெஸ்' இந்த வகைக்கே இலக்கணம். கிதார் இசை என்று சொன்னாலும் கிதார் மாதிரி ஒலிக்காது. சத்தம் மிக அதிகம், ஆனால் குத்தாது. பாடகரின் குரலை எல்லா வாத்தியத்துக்கும் மேலே தூக்கி வைப்பதுதான் நமக்குப் பழக்கம். இவர்கள் குரலையும் ஒரு வாத்தியமாக உள்ளே புதைத்துவிட்டார்கள். வரி காதில் விழாது. முதல் தடவை கேட்பவர் ஸ்பீக்கரில் ஏதோ கோளாறு என்றே நினைப்பார். நானும் நினைத்தேன், நண்பர் ரைட் பண்ணிக் கொடுத்த சி.டி.யைத் திருப்பிக் கொடுத்து, "வேற காப்பி இருக்கா?" என்று கேட்டிருக்கிறேன்.

வெர்வ் இந்தக் கூட்டத்தோடு சேர்த்தே பேசப்பட்டாலும் வந்த இடம் வேறு. வடக்கே, மான்செஸ்டருக்கும் லிவர்பூலுக்கும் நடுவில் இருக்கும் விகன். நிலக்கரி, பஞ்சாலை, வேலையின்மை. ஜார்ஜ் ஆர்வெல் 1930களில் ஏழ்மையைப் பற்றி எழுதத் தேடிப் போன ஊர். அந்த ஊருக்கு இன்னொரு முகமும் உண்டு. 1973 முதல் 1981 வரை அங்கே 'விகன் கஸினோ' என்ற அரங்கில் இரவு முழுக்க நடனம். அமெரிக்காவில் யாரும் சீந்தாத கறுப்பின சோல் இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்துப் போட்டு, விடியும்வரை ஆடுவார்கள். வாரம் முழுக்கத் தொழிற்சாலை, சனிக்கிழமை இரவு வேறொரு உலகம். வெர்வ் இசையில் நாம் கேட்கும் 'எங்காவது போய்விட வேண்டும்' என்ற வேட்கைக்கு ஊர்ப் பரம்பரையே இருந்தது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. அந்த நடன இசைக்கு 'நார்தர்ன் சோல்' என்று பெயர்; வெர்வ் தங்கள் இரண்டாவது ஆல்பத்துக்கு 'எ நார்தர்ன் சோல்' என்று பெயர் வைத்தது தற்செயல் இல்லை.

ரிச்சர்ட் ஆஷ்க்ராஃப்ட் பாடகர். நிக் மெக்கேப் கிதார், சைமன் ஜோன்ஸ் பேஸ் கிதார், பீட்டர் சாலிஸ்பரி டிரம்ஸ். வின்ஸ்டன்லி கல்லூரியில் சேர்ந்த கூட்டணி. 1990 ஆகஸ்டில் விகனில் ஒரு பப்பில், நண்பரின் பிறந்தநாளில் முதல் கச்சேரி. அடுத்த ஆண்டே வர்ஜின் குழுமத்தைச் சேர்ந்த ஹட் நிறுவனம் ஒப்பந்தம் போட்டுவிட்டது. 1992இல் 'ஆல் இன் தி மைண்ட்', 'ஷீ'ஸ் எ சூப்பர்ஸ்டார்', 'கிராவிட்டி கிரேவ்' என்று மூன்று சிங்கிள்கள் வந்தன. சிங்கிள் என்றால் மூன்று நான்கு நிமிடம் என்பது வானொலிக் கணக்கு. இவர்கள் சிலவற்றை எட்டு நிமிடத்துக்கு நீட்டினார்கள்.

ஆஷ்க்ராஃப்டுக்குத் தலை குனிகிற பழக்கமே இல்லை. கன்னம் ஒட்டிய முகம், பெரிய உதடு, மேலே எங்கோ நிலைகுத்திய பார்வை. தாங்கள் வரலாற்றில் நிற்கப்போவதாக, கையில் ஒரு ஆல்பம்கூட இல்லாத காலத்திலேயே பேசித் திரிந்தார். பத்திரிகைகள் 'மேட் ரிச்சர்ட்' என்று பெயர் வைத்தன. நம்மூரில் இப்படி ஒருவரை 'சாமியாடி' என்றிருப்பார்கள். கொஞ்சம் பயம், கொஞ்சம் கேலி, கொஞ்சம் மரியாதை.

ஒரு கம்பி, பல கரைகள்

ஆனால் இந்த ஆல்பம் ஆஷ்க்ராஃப்டுடையது அல்ல, மெக்கேபுடையது. அவர் என்ன செய்கிறார் என்று புரிந்தால் பாதி ஆல்பம் புரிந்த மாதிரி.

எதிரொலிக் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மாடல்களில் உள்ளே முனையும் முனையும் ஒட்டிய ஓர் ஒலிநாடா வளையம் சுற்றிக்கொண்டே இருக்கும். கிதார் கம்பியைத் தட்டியதும் அந்த ஒலியை ஒரு 'ஹெட்' நாடாவில் பதியும். நாடா கொஞ்சம் நகர்ந்ததும் அடுத்த ஹெட் அதை எடுத்து ஒலிக்கும். நடுவில் அரை விநாடி, முக்கால் விநாடி இடைவெளி. இப்படித் திரும்பி வந்த ஒலியை மறுபடியும் உள்ளே அனுப்பினால் எதிரொலிக்கு எதிரொலி. ஒவ்வொரு சுற்றிலும் ஒலியின் ஓரம் மழுங்கும், கூர்மை போகும், மங்கலாகும். குமிழை இன்னும் திருப்பினால் வருவது போவதைவிட அதிகமாகி, கருவி தானாகவே ஊளையிடத் தொடங்கும். பின்னர் வந்த டிஜிட்டல் கருவிகள் இதையே சிப்பில் செய்தன.

பலர் இதைப் பாட்டுக்கு மேல் தூவும் கொத்தமல்லியாகப் பயன்படுத்துவார்கள். மெக்கேப் அதையே வாத்தியமாக வாசித்தார். ஒரு ஸ்வரத்தைத் தட்டிவிட்டு, அது திரும்பி வரும் நேரத்துக்காகக் காத்திருந்து, வந்ததன்மேல் இன்னொன்றை வைப்பார். கையில் ஒரு கிதார்தான், கேட்பது நாலைந்து. எது இப்போது வாசித்தது, எது நாலு விநாடிக்கு முன் வாசித்தது என்று பிரிக்க முடியாது. ராக் இசையில் கிதார்காரர் பாட்டின் நடுவே முன்னால் வந்து விரல் வித்தை காட்டும் 'சோலோ' என்ற சடங்கு இந்த ஆல்பத்தில் ஏறக்குறைய இல்லை. கிதார் முன்னால் வருவதே இல்லை, சுற்றிலும் இருக்கிறது. கச்சேரியில் தம்புராவைக் கவனித்துக் கேட்கிறவர் யார்? ஆனால் அதை நிறுத்திப் பாருங்கள், மேடையே காலியானது போல் இருக்கும். அந்தத் தம்புரா மெல்ல எழுந்து, பாடகரையும் விழுங்கிவிடும் அளவுக்குப் பெருகினால் எப்படி இருக்குமோ, அப்படி.

கிதார் இப்படி ஆவியாகிவிடுவதால் பாட்டைத் தரையில் பிடித்து நிறுத்தும் வேலை மற்ற இருவருக்கு. இங்கேதான் வெர்வ் மற்ற ஷூகேஸ் குழுக்களிலிருந்து பிரிகிறது. ஸ்லோடைவ் ஆல்பங்களில் தாளம் பனிமூட்டத்துக்குள் எங்கோ கேட்கும். இங்கே ஜோன்ஸின் பேஸ் கிதார் உருண்டு திரண்டு, ஆட்டத்துக்கு அழைக்கும் ஓட்டத்தோடு நிற்கிறது. சாலிஸ்பரி தோலில் அடிப்பது காதில் தெளிவாக விழுகிறது. மேலே மேகம், கீழே கெட்டித்தரை.

பழைய கையின் வேலை

ஆல்பத்தைத் தயாரித்தவர் ஜான் லெக்கி. 1970இல் லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் டேப் போடும் பையனாக வேலைக்குச் சேர்ந்தவர். ஜார்ஜ் ஹாரிசன், ஜான் லெனன் பீட்டில்ஸிலிருந்து பிரிந்து தனியாகச் செய்த ஆல்பங்கள், பிங்க் ஃப்ளாய்ட் பதிவுகள் எல்லாம் அவர் கைபட்டவை. மனநிலை சிதைந்துபோன, பிங்க் ஃப்ளாய்டின் பழைய பாடகர் சிட் பாரெட்டை 1974இல் மீண்டும் பாடவைக்க நடந்த, எதுவும் தேறாத கடைசி முயற்சியிலும் ஒலிப்பதிவாளர் இவரே. 1989இல் ஸ்டோன் ரோஸஸின் முதல் ஆல்பத்தைச் செய்ததும் அவர்தான். அதே குழுவின் 'ஃபூல்ஸ் கோல்ட்' பதிவுக்காக சாமில்ஸுக்கு ஏற்கெனவே போய் வந்தவர்.

இருபது வயசுப் பையன்கள் மணிக்கணக்கில் வாசித்துத் தள்ளுவதை ஆல்பமாக்க இப்படி ஒரு நிதானமான ஆள் வேண்டும். எங்கே வெட்டுவது, எங்கே விட்டுவிடுவது என்பதே அவருடைய வேலை. நான் கேட்டவரையில், அவர் அதிகம் விட்டுவிட்டார்.

முதல் பாட்டு 'ஸ்டார் ஸெயில்'. கிதார் தூரத்துச் சங்கொலி மாதிரி எழும்பி வர, அதற்குள்ளிருந்து ஆஷ்க்ராஃப்டின் குரல், கிணற்றடியிலிருந்து யாரோ கூப்பிடுவது போல. இரண்டாவதான 'ஸ்லைடு அவே' ஓரளவு வழக்கமான ராக் பாட்டு. பேஸ் கிதார்தான் அதன் முதுகெலும்பு. புதிதாகக் கேட்பவர் இதில் கால் ஊன்றிக்கொள்ளலாம். 'தி சன், தி சீ' கேட்கும்போது ஹெட்ஃபோனில் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். கிதார்கள் இரைச்சலாய்க் குவிந்து, அதற்கு மேல் ட்ரம்பெட், சாக்ஸஃபோன் கூட்டம் வந்து மோதுகிறது. அந்தச் சலசலப்பு ஓய்ந்து அடுத்த பாட்டு 'வர்ச்சுவல் வேர்ல்டு' தொடங்கும் இடம்தான் எனக்கு ஆல்பத்தின் உச்சம். சத்தத்தால் அல்ல, அடக்கத்தால். ஒரு புல்லாங்குழல், பெரிய அவசரமில்லாமல், புகைபோல நெளிந்து நெளிந்து போகிறது. புயலுக்குப் பிறகு வாசலில் வந்து நின்றால் ஒரு ஈரக்காற்று அடிக்குமே, அந்த இடம்.

குறைகளும் இருக்கின்றன. பாட்டு வரிகள் பல இடங்களில் அரைவேக்காடு. சூரியன், கடல், நட்சத்திரம், பறத்தல் என்று இருபது வயதில் எல்லோரும் எழுதும் சாமான்கள். குரல் புதைந்திருப்பதால் ஆஷ்க்ராஃப்ட் தப்பித்தார். 'பட்டர்ஃபிளை' தேவைக்கு மேல் நீள்கிறது. நடுவில் வரும் 'மேக் இட் டில் மண்டே' முடியாத ஸ்கெட்ச் மாதிரி நின்றுவிடுகிறது. ஆனால் கடைசிப் பாட்டில் பியானோவும் அக்கார்டியனும் சேர்ந்து, ஊருக்குப் போகிறவரை வாசல்வரை வந்து வழியனுப்புவது போல் முடிக்கும்போது இதையெல்லாம் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்டாஃபர்ட்ஷயரில் தார் குகை என்று ஒரு சுண்ணாம்புக் குகை. வாய் மட்டும் சுமார் பத்து மீட்டர் உயரம். உள்ளேயிருந்து வெளிச்சத்தைப் பார்த்து எடுத்த படம் அது. வடிவமைப்பு பிரையன் கேனன், படம் மைக்கேல் ஸ்பென்சர் ஜோன்ஸ். பின்னாளில் ஒயாசிஸ் ஆல்பங்களின் அட்டைகளால் பெரும்பெயர் பெற்ற ஜோடி. குகையின் எதிரொலிக்குள் நின்றுகொண்டு வெளியே பார்க்கும் அந்தப் படத்தைவிட இந்த ஆல்பத்துக்குச் சரியான விமர்சனம் யாரும் எழுதவில்லை.

யாருடைய பாட்டு?

வந்த நேரம்தான் சரியில்லை. 1993இல் பிரிட்டிஷ் பத்திரிகைகளுக்கு ஷூகேஸ் அலுத்துவிட்டது. அமெரிக்காவிலிருந்து கிரஞ்ச் என்ற முரட்டு ராக் இசையின் அலை. உள்ளூரில் சுவேடு, ப்ளர் என்று தெளிவாகப் பாடுகிற, நிமிர்ந்து நிற்கிற, பிரிட்டிஷ்தனம் பேசுகிற குழுக்கள். அடுத்த ஆண்டு ஒயாசிஸ் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிற்று. அந்த ஒயாசிஸ் 1993இல் வெர்வ் கச்சேரிகளுக்கு முன்னால் வாசித்த குழு. ஆல்பத்திலிருந்து முதலில் வந்த 'ப்ளூ' சிங்கிள் 69ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை.

1994இல் அமெரிக்கச் சுற்றுப்பயணம். ஆஷ்க்ராஃப்ட் உடலில் நீர் வற்றி மருத்துவமனையில் படுத்தார். சாலிஸ்பரி விடுதி அறையை அடித்து நொறுக்கியதற்காகக் கைதானார். 1995இல் இரண்டாவது ஆல்பம் வந்த சூட்டோடு குழு உடைந்தது. பிறகு மெக்கேப் இல்லாமல் ஆஷ்க்ராஃப்ட் மறுபடி தொடங்கி, அவர் இல்லாமல் நடக்காது என்று உணர்ந்து 1997இல் திரும்ப அழைத்தார். அதற்குள் பாட்டுகள் பெரும்பாலும் எழுதி முடிந்திருந்தன. அதுதான் 'அர்பன் ஹிம்ஸ்'. பிரிட்டனில் 12 வாரம் முதலிடம். 1998 மே மாதம் விகனில் ஹே ஹால் மைதானத்தில் 33,000 பேர் முன்னால் கச்சேரி. நல்ல ஆல்பம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது பாடகரின் ஆல்பம்.

அதில்தான் 'பிட்டர் ஸ்வீட் சிம்பனி'. அந்தப் பாட்டின் அடிநாதமான இசைத்துணுக்கு, ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு ஒன்றை ஆண்ட்ரூ ஓல்டம் ஆர்கெஸ்ட்ரா 1960களில் வாசித்த பதிவிலிருந்து எடுத்தது. ஸ்டோன்ஸ் பாட்டுகளின் உரிமையை வைத்திருந்த ஆலன் க்ளைன் தரப்பு அனுமதியை இறுக்கிப் பிடித்தது. கடைசியில் பாட்டின் எழுத்துரிமை, வருமானம் எல்லாம் போயிற்று. இயற்றியவர்கள் பட்டியலில் மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ் பெயர்கள் ஏறின. ஆஷ்க்ராஃப்ட் எழுதிய வரிகளுக்குக்கூட அவருக்குப் பங்கில்லை. 2019இல்தான் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் தங்கள் உரிமையை அவருக்கே விட்டுக்கொடுத்தார்கள்.

முதல் ஆல்பத்தில் இந்த வம்பு எதுவும் கிடையாது. பத்துப் பாட்டுக்கும் இயற்றியவர் என்று நால்வர் பெயரும் சேர்ந்தே இருக்கிறது. ஒருவர் எழுதி மூவர் வாசித்ததாக அல்ல, நால்வரும் சேர்ந்து கண்டெடுத்ததாக. பின்னால் வந்த ஆல்பங்களில் இந்தப் பட்டியலில் ஆஷ்க்ராஃப்டின் தனிப்பெயர் கூடக் கூட, இசையும் சுருங்கிக்கொண்டே வந்ததாகத்தான் எனக்குக் கேட்கிறது. பாட்டு நன்றாகியிருக்கும். இடம் குறைந்துவிட்டது.

கிண்டலாக வைத்த பெயரை இன்று பிள்ளைகள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஷூகேஸ் பாட்டுகள் டிக்டாக்கில் ஓடுகின்றன. 1995இல் நிறுவனத்தால் கைவிடப்பட்ட ஸ்லோடைவ், 2023இல் வெளியிட்ட ஆல்பத்தோடு பிரிட்டனின் முதல் பத்து இடத்துக்குள் வந்தது. 'எ ஸ்டார்ம் இன் ஹெவன்' ஆல்பத்தையும் 2016இல் மூன்று சி.டி. தொகுப்பாக மறுபடி வெளியிட்டார்கள். வெர்வ் குழு 2008இல் இன்னொரு ஆல்பம் போட்டுவிட்டு அதன்பின் கலைந்தது, மறுபடி சேரவில்லை.

கேட்க நினைப்பவர்களுக்கு ஒன்று. இது வேலை செய்துகொண்டே பின்னணியில் ஓடவிடும் இசை இல்லை. அப்படிக் கேட்டால் வெறும் இரைச்சல்தான். போன் ஸ்பீக்கரும் வேண்டாம். இரவு சாப்பாடு முடிந்து, விளக்கை அணைத்து, நல்ல ஹெட்ஃபோனாக ஒன்றை மாட்டிக்கொண்டு, 'ஸ்டார் ஸெயில்' தொடங்கி 47 நிமிடமும் வரிசையாகக் கேளுங்கள். ஷஃபிள் பட்டன் அணைந்திருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.